அத்தானின் எண்

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? அவருடைய வலது கை இப்போது ஸ்பூன் பிடிக்கிறதா? முன்போலக் கோபம் வருகிறதா? வந்தால் நல்லது. பக்கவாதம் வந்தவர் எரிந்து விழ ஆரம்பித்துவிட்டால் தேறி வருகிறார் என்று அர்த்தமாம், இங்கே ஒரு டாக்டர் சொன்னார்.

இதையெல்லாம் போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் நீ ஸ்பீக்கரில் போடுகிறாய், அவர் நடுவில் புகுந்துவிடுகிறார், உன் பங்குக்கு ‘ம்’ மட்டும்தான் வருகிறது. நான் ஹாஸ்டலில் இருந்த காலத்தைப் போல எழுதிக்கொள்வதே நமக்குச் சரிப்படும். அவருக்குக் கண் மங்கிவிட்டதால் நீதான் வாசித்துக் காட்டுவாய். இனி வருவது அவருக்கு.

அத்தான், மிஷின் நன்றாக ஓடுகிறது. காலையில் வேனில் சுரங்கப் பாதைக்குள் போகிறோம். தலைக்கு மேல் ஒரு முழு மலை. வானத்திலிருந்து ஓயாமல் கொட்டும் கதிர்களை அந்தப் பாறை வடிகட்டிவிடுகிறது. நீங்கள் தரைமேல் அத்தனை இரைச்சலுக்கு நடுவில் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டதை நாங்கள் இங்கே நிம்மதியாக உட்கார்ந்து கேட்கிறோம். கார்பன் பூசிய தகட்டின் மேல் ஹீலியம் கற்றையைப் பாய்ச்சுகிறோம். எப்போதாவது ஒரு ஹீலியம் ஒரு கார்பனுக்குள் போய் ஒட்டிக்கொண்டு ஆக்சிஜன் ஆகிறது. ஆகும்போது ஒரு காமா கதிர். ஒரு நாளில் வருவதை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

என்னிடம் ஒரு மாணவி இருக்கிறாள். எல்லோரும் அவளை ‘எறும்பு’ என்றுதான் கூப்பிடுவோம். ஆள் சின்னது. எப்போது பார்த்தாலும் தன்னைவிடப் பெரிதாக எதையாவது தூக்கிக்கொண்டு போவாள். இந்த அளவீடு முடிந்தால்தான் அவளுக்கு டாக்டர் பட்டம். அவள் ஷூ ஒன்று கற்றைக்குழாயின் அடியில் சிக்கி, அதை எடுக்க அரை நாள் போயிற்று. சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது.

அக்கா, எண்ணிக்கை என்ன ஆயிற்று என்று அவர் கேட்டால், இன்னும் கூட்டிப் பார்க்கவில்லை என்று சொல்.

உன் வாலு


பிப்ரவரி 2

அன்புள்ள வாலுக்கு அக்கா எழுதுவது,

இங்கே இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறோம். எனக்கு முட்டி வலி, அவருக்கு முன்கோபம், இரண்டும் அதனதன் இடத்தில் இருக்கின்றன. கைப்பயிற்சி சொல்லித்தர ஒரு பெண் வருகிறாள். ரப்பர் பந்தைக் கொடுத்து அழுத்தச் சொல்கிறாள். அவர் அவளுக்கு அணு இயற்பியல் சொல்லித் தருகிறார். யார் யாருக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள் என்று தெரியவில்லை. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? போன தடவை வந்தபோது கழுத்தெலும்பு தெரிந்தது.

உன் கடிதத்தை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். முடித்ததும், “அது சரி, என் எண்ணோட ஒத்துப் போகுதா இல்லையா? அதைச் சொல்லலையே?” என்றார். இன்னும் கூட்டவில்லையாம் என்றேன். “தினம் விரல் விட்டு எண்றவளுக்குக் கூட்டத் தெரியாதா?” என்றார். நியாயமான கேள்வி.

நான் முப்பது வருஷம் கோர்ட்டில் உட்கார்ந்து சுருக்கெழுத்து எழுதியவள். சாட்சி எதைச் சொல்கிறார் என்பதைவிட எதைத் தாண்டிக்கொண்டு போகிறார் என்பது எனக்குச் சீக்கிரம் தெரிந்துவிடும். எறும்பின் ஷூவுக்கு ஒரு பத்தி எழுதினாய். எண்ணுக்கு ஒரு வரி. என்ன விஷயம்?

இன்னொன்றும் கேட்க வேண்டும். அவருடைய ஆய்வறிக்கையை நான்தான் டைப் அடித்தேன், ஒரு பிழை கிடையாது. ஆனால் அந்த எண் என்ன, அதற்கு ஏன் இத்தனை மரியாதை என்று இன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியாது. அவரைக் கேட்டால் ‘உனக்குப் புரியாது’ என்பார். நீ சொல்லேன், என் பாஷையில்.

ஜூனில் அவருக்கு எழுபத்தைந்து நிறைகிறது. பழைய ஆய்வு நிலையத்தில் விழா எடுக்கிறார்களாம். புதிதாகக் கட்டிய அரங்கின் வாசல் சுவரில் அவருடைய எண்ணைப் பித்தளை எழுத்தில் பதிக்கப் போகிறார்கள். சொன்னதிலிருந்து மனுஷன் தினமும் தானாகவே சவரம் செய்துகொள்ளப் பார்க்கிறார், இடது கையால்.

உன் அக்கா


மார்ச் 27

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுத இத்தனை நாள் எடுத்துக்கொண்டதற்குத் திட்டாதே. உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் முட்டிக்கு அந்தத் தைலம் கேட்டதா?

இந்த முறை இரண்டு உறைகளாக அனுப்புகிறேன். வெள்ளை உறையில் இருப்பது அத்தானுக்கு. பழுப்பு உறையில் இருக்கும் இது உனக்கு மட்டும். அவருக்கு வாசிக்காதே.

முதலில் நீ கேட்டதைச் சொல்கிறேன். அண்டம் பிறந்தபோது ஹைட்ரஜனும் ஹீலியமும்தான் இருந்தன. மற்றவை ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். உன் மூச்சில் இருக்கும் ஆக்சிஜன், விரல் நகத்தில் இருக்கும் கார்பன், அத்தானின் மூக்குக்கண்ணாடிச் சட்டத்தில் இருக்கும் இரும்பு எல்லாம் அப்புறம் நட்சத்திரங்களின் வயிற்றில் வெந்து வந்தவை. நட்சத்திரம் முதலில் ஹைட்ரஜனை எரித்து ஹீலியம் ஆக்கும். வயதானதும் உள்ளே இன்னும் சூடேறும். அப்போது மூன்று ஹீலியம் ஏறக்குறைய ஒரே கணத்தில் மோதிச் சேர்ந்தால் கார்பன். அந்தக் கார்பன் மேல் நான்காவதாக ஒரு ஹீலியம் வந்து ஒட்டினால் ஆக்சிஜன்.

இந்த நான்காவது எவ்வளவு சுலபமாக ஒட்டும் என்பதுதான் அத்தானின் எண். ரொம்பச் சுலபமாக ஒட்டினால் கார்பன் முழுவதும் ஆக்சிஜனாகித் தீர்ந்துவிடும். ஒட்டவே ஒட்டாவிட்டால் ஆக்சிஜனே இருக்காது. இரண்டும் இருப்பதால்தான் நாம் இருக்கிறோம். எது எவ்வளவு மிஞ்சுகிறது என்பதைப் பொறுத்துத்தான் அந்த நட்சத்திரம் மேற்கொண்டு எதைச் சமைக்கும், எப்படிச் சாகும் என்பதெல்லாம். அதனால் நட்சத்திரத்தைப் பற்றி யார் கணக்குப் போட்டாலும் அத்தானின் எண்ணைத்தான் எடுத்துப் போடுகிறார்கள். நானும்தான்.

அக்கா, அந்த எண் தப்பு.

பாதிதான் வருகிறது. மூன்று முறை அளந்தோம். கார்பனிலேயே இரண்டு வகை உண்டு, நூற்றில் ஒன்று கொஞ்சம் கனமானது. அந்தக் கனத்த வகை ஹீலியத்தை வாங்கினால் நியூட்ரானை உமிழும். அது வெளிக்கதிரைத் தடுக்க டிடெக்டரைச் சுற்றி வைத்திருக்கும் ஈயத்தில் மோதி, நமக்கு வேண்டிய காமா கதிர் மாதிரியே ஒன்றைக் கிளப்பிவிடும். அத்தான் காலத்துத் தகடுகளில் அந்தக் கனத்த கார்பனை நீக்க வழியில்லை. போலியையும் சேர்த்து எண்ணிவிட்டார். யாராக இருந்தாலும் அன்றைக்கு அப்படித்தான் எண்ணியிருப்பார்கள்.

அம்மா போன பிறகு உங்கள் வீட்டு மாடியறையில் வளர்ந்தவள் நான். முதன்முதலில் ஒரு டிடெக்டரைத் தொட்டுப் பார்க்க விட்டவர் அவர். இதை அவரிடம் எப்படிச் சொல்வது? மேயில் கட்டுரையை அனுப்ப வேண்டும். எறும்பின் பட்டம் இதில்தான் இருக்கிறது. பத்திரிகையில் பார்த்துத் தெரிந்துகொள்வதைவிட நான் நேரில் வந்து சொல்லிவிடட்டுமா?

வாலு


ஏப்ரல் 4

வாலு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. நீ நன்றாக இரு.

வெள்ளை உறையை வாசித்துக் காட்டினேன். சந்தோஷமாகக் கேட்டார். பழுப்பு உறை என் புடவை மடிப்புகளுக்கு நடுவில் இருக்கிறது. எதிர்க்கட்சி வக்கீல் குறிப்பை ஒளித்துவைத்தவள் மாதிரி வீட்டுக்குள் நடமாடுகிறேன்.

நீ வராதே. சொல்லாதே. அனுப்பாதே.

உனக்கு அது ஒரு எண். இந்த வீட்டில் அது ஒரு ஆள் மாதிரி. எங்கள் மகள் பிறந்தபோது அவர் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. ‘மிஷின் ஓடிட்டு இருக்கு, நடுவுல நிறுத்தினா மாசக்கணக்கான வேலை போயிடும்’ என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். பக்கத்துக் கட்டில்காரி, ‘உங்களுக்கு வீட்டுக்காரர் இல்லையா?’ என்று கேட்டாள். அதற்குப் பிறகு மகளுக்குக் காய்ச்சல் என்றாலும், பள்ளிக்கூடத்தில் பரிசு என்றாலும் எண்ணுக்குப் பிறகுதான் நாங்கள். நான் சண்டை போட்டதில்லை. பெரிய காரியம், ஒரு மனுஷன் வாழ்நாளில் ஒன்றுதான் செய்ய முடியும், செய்யட்டும் என்று இருந்துவிட்டேன். இப்போது நீ அது பாதி என்கிறாய். மீதிப் பாதிக்கு நான் யாரிடம் போய்க் கேட்பேன்?

அவருக்கு இன்னொரு தடவை வந்தால் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவர் கண்ணை மூடும்வரை பொறு. நட்சத்திரம் எங்கேயும் ஓடிப்போகாது. உன்னிடம் நான் இதுவரை எதுவும் கேட்டதில்லை.

அக்கா


ஏப்ரல் 30

(வெள்ளை உறை)

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். விழாவுக்கு என் வாழ்த்துகள். வேலைச்சுமையால் வர முடியாதது பெரிய வருத்தம். இங்கே அளவீடு தொடர்கிறது. பம்பு ஒன்று பழுதாகி மாற்றினோம். புது பம்பு சத்தமே இல்லாமல் ஓடுகிறது. முடிவு வர இன்னும் நிறைய நாள் ஆகும். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பந்தை அழுத்துங்கள்.

அன்புடன், உங்கள் சின்னவள்

(பழுப்பு உறை)

அக்கா,

உன் கடிதம் வந்தது. என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் நாலைந்து தாள் கிழித்தேன்.

சரி. மேயில் அனுப்பப் போவதில்லை. இன்னும் சரிபார்க்க வேண்டும் என்று இயக்குநரிடம் சொல்லிவிட்டேன். எறும்பு என் அறைக்கு வந்து, “எதைச் சரிபார்க்கணும் மேடம்? சொல்லுங்க, இப்பவே பண்றேன்” என்று நின்றாள். பழைய தகடுகள் என்றேன்.

அது முழுப் பொய்யும் இல்லை. ஒரே தகட்டை ரொம்ப நாள் வைத்து ஓட்டினால் பம்பிலிருந்து வரும் எண்ணெய்ப் புகை அதன்மேல் படியும். அதிலும் கனத்த கார்பன் உண்டு. அதனால் அப்படிப்பட்ட தகடுகளை முதலில் ஒதுக்கியிருந்தோம். இப்போது அவற்றையும் சேர்த்துப் பார்த்தேன். அத்தானின் எண்ணில் முக்கால் பங்கு வருகிறது. பாதி என்பதைவிட முக்கால் பரவாயில்லை, இல்லையா? ஒருவேளை இதுவே சரியாக இருக்கலாம். முதலில் நான்தான் அளவுக்கு மீறிக் கறாராக இருந்துவிட்டேனோ என்னவோ.

எறும்பிடம் காட்டினேன். அவள் தாளைத் திருப்பித் தந்தாள். தன் தேநீர்க் கோப்பையைக் கழுவிவைத்துவிட்டுப் போய்விட்டாள். அதிலிருந்து வேனில் என் பக்கத்தை விட்டு முன்சீட்டில் உட்காருகிறாள்.

நீ நன்றாகத் தூங்கு. எனக்குத்தான் தூக்கம் பிடிக்கவில்லை, அது வேறு.

வாலு


ஜூன் 19

அன்புள்ள வாலுக்கு,

நீ நன்றாக இருக்க வேண்டும். நான் வேண்டிக்கொள்வது அது ஒன்றுதான்.

விழா முடிந்தது. அரங்கம் நிரம்பி வழிந்தது. வாசல் சுவரில் பித்தளையில் அந்த எண், ஆள் உயரத்துக்கு. தள்ளுநாற்காலியை அதன் முன்னால் நிறுத்தச் சொல்லி, இடது கையால் தடவிப் பார்த்தார். பேச்சு கொஞ்சம் குழறினாலும் கால் மணி நேரம் பேசினார். “நான் அளந்தது ஒரே ஒரு எண். அதைச் சரியா அளந்தேன்” என்று முடித்தார். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நானும் தட்டினேன். உள்ளங்கை எரிந்தது.

நீ செய்தது எனக்காக என்று தெரியும். நன்றி என்று சொன்னால் சின்னதாகிவிடும், அதனால் சொல்லவில்லை. அந்தப் பெண் முன்சீட்டில் உட்காருவதைத் தவிர வேறு எதையும் நீ எழுதவில்லை. அவளுடைய பட்டம் என்ன ஆகும்?

ஒன்று சொல்ல வேண்டும். உன் வெள்ளை உறைக் கடிதங்களை வாசிக்கும்போது அவர் முன்போல் குறுக்கே கேள்வி கேட்பதில்லை. போன வாரம், “சின்னவ எழுத்து ஏன் இப்படி வழவழன்னு இருக்கு? அரசாங்கக் கடிதாசு மாதிரி?” என்றார். வேலை அதிகம் என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, தட்டில் சோறே இல்லாமல் மறைத்துக்கொண்டிருக்கிறேன்.

அக்கா


ஜூலை 22

வாலு,

உன் பதில் வரவில்லை, காத்திருக்கவும் முடியவில்லை. அவர் உடம்பு அப்படியேதான் இருக்கிறது, பயப்படாதே. ஆனால் நான் சொல்லிவிட்டேன்.

ஆமாம், நானேதான். சொல்லாதே என்று உன் வாயைக் கட்டியவள், என் வாயைக் கட்டிக்கொள்ளவில்லை.

மகள் போன் செய்தாள், இந்த விடுமுறைக்கும் வர முடியாதாம், ஆபீசில் வேலையாம். நான் முகம் வாடி உட்கார்ந்திருந்தேன். அவர் கூடத்தில் அந்தப் பயிற்சிப் பெண்ணோடு பந்தை அழுத்திக்கொண்டிருந்தார்.

“இதுக்கு ஏன் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கே? வேலைன்னா வேலைதான். அவ என்னை மாதிரி,” என்றார்.

“ஆமா, உங்களை மாதிரிதான்.”

“அவ பொறந்தன்னைக்கு நான் ஓடி வந்திருந்தா அந்த எண் கிடைச்சிருக்குமா? நீ அதை இன்னும் மனசுல வெச்சுக்கிட்டு இருக்கே. நாம மண்ணாப் போனாலும் அது நிக்கும், தெரியுமா?”

“நிக்காது.”

“என்னது?”

“நிக்காது. தப்பாம். பாதிதானாம். சின்னவ அளந்துட்டா.”

அந்தப் பெண் கீழே குனிந்து பந்தைத் தேடினாள். பந்து அவர் கையிலேயேதான் இருந்தது.

“எப்போ?” என்றார்.

“மார்ச்லயே.”

பந்தை மடியில் நழுவ விட்டார். பிறகு, “அப்போ விழா அன்னைக்கு உனக்குத் தெரியும்,” என்றார்.

“தெரியும்.”

“கைதட்டினே.”

“தட்டினேன்.”

கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நான் ஊட்டினால் வாயைத் திறக்கவில்லை, பயிற்சிப் பெண் ஊட்டினால் சாப்பிட்டார். இப்படி ஒரு வாரம் ஓடியது. நேற்றுக் காலையில்தான் என்னைப் பார்த்துப் பேசினார். “அவ டேட்டா மொத்தமும் வேணும். ஒவ்வொரு தகடும், எத்தனை நாள் ஓட்டினா, என்ன வந்தது, எல்லாம். பெரிய எழுத்துல.”

அனுப்பு. நான் இனி எதையும் ஒளிப்பதாக இல்லை.

அக்கா


ஆகஸ்ட் 9

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் தேறி வருகிறீர்கள் என்று அக்கா எழுதினாள். அப்படியே இருக்க வேண்டும்.

நீங்கள் கேட்டது எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் அச்செடுத்து மூன்று கட்டுகளாக அனுப்புகிறேன். எங்கள் முடிவு கடைசிப் பக்கத்தில் இருக்கிறது: உங்கள் எண்ணில் முக்கால் பங்கு. உங்கள் காலத்தில் இதைவிட நன்றாக யாராலும் அளந்திருக்க முடியாது, இதை உங்களைத் தேற்றுவதற்காகச் சொல்லவில்லை.

மார்ச்சிலேயே உங்களிடம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அக்காவைக் குறை சொல்லாதீர்கள்.

உங்கள் சின்னவள்


செப்டம்பர் 16

சின்னவளுக்கு,

நலம். உன் நலம் அறிய ஆவல்னு எழுதறது வழக்கம், எழுதிக்கோ.

நான் சொல்லச் சொல்ல உங்க அக்கா சுருக்கெழுத்துல எடுக்கறா. கோர்ட்டுல எடுத்த மாதிரி எடுக்கணும், ஒரு வார்த்தை கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்.

உன் மூணு கட்டையும் பூதக்கண்ணாடி வெச்சுப் பார்த்தேன். ஒரு நாளைக்கு ஒரு பக்கத்துக்கு மேல முடியலை. முதல் கட்டை முடிக்கறவரைக்கும் நீ எங்கே கோட்டை விட்டிருக்கேன்னுதான் தேடினேன். மறைக்க மாட்டேன், கிடைக்கணும்னு ஆசையா இருந்தது. கிடைச்சது.

மார்ச்ல பாதின்னு உங்க அக்காகிட்டே சொல்லியிருக்கே. ஆகஸ்ட்ல எனக்கு முக்கால்னு அனுப்பறே. நடுவுல நட்சத்திரம் மனசு மாறிச்சா?

கடைசி ஆறு தகடும் அளவுக்கு மீறி ஓடியிருக்கு. எண்ணெய் படிஞ்ச தகடு. பக்கத்துக்குப் பக்கம் எண்ணிக்கை ஏறிட்டே போகுது, கண்ணு தெரியாத கிழவனுக்கே தெரியுது. அது அறியாம நடந்த தப்பா இருந்தா ரெண்டு பக்கமும் சாயும். இது என் பக்கம் மட்டும்தான் சாய்ஞ்சிருக்கு. யார் சாய்ச்சா? நீதானே?

நான் தப்பா அளந்தேன். அளக்கத் தெரியாம இல்லை, தகடு அப்படி. அந்தக் காலம் இந்தக் காலம்னு நட்சத்திரத்துக்குத் தெரியுமா? போகட்டும். ஆனா என் தப்புல பொய் கிடையாது. நீ சரியா அளந்துட்டு, என் மேல இரக்கப்பட்டு அதுல பொய்யைக் கலந்திருக்கே. ரெண்டுல எது கேவலம்?

அந்த ஆறையும் தூக்கிப் போடு. மிச்சத்தை மறுபடி கூட்டு. என்ன வருதோ அதைப் போடு. உன் மாணவிக்கு இது முன்னாடியே தெரிஞ்சிருக்கும். அவ ஏன் வாயைத் திறக்கலைன்னு யோசிச்சுப் பாரு. நான் உனக்குச் சொல்லிக் கொடுத்தது இதைத்தானான்னு இந்த வீட்டுல உட்கார்ந்து யோசிச்சிட்டிருக்கேன்.

என்கிட்டே போன்ல பேச வேண்டாம்.

(வாலு, அவர் சொன்ன அத்தனையும் எழுதியிருக்கிறேன். கடைசி வரியை விட்டுவிடலாமா என்று கை நின்றது. விடவில்லை. — அக்கா)


அக்டோபர் 3

மதிப்புக்குரிய அத்தானுக்கு,

உங்கள் உடல்நலம் பற்றி விசாரிக்கும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தாலும் விசாரிக்கிறேன். அக்காவையும்.

நீங்கள் சொன்னது சரி. சாய்த்தது நான்தான். சாய்க்கும்போது எனக்கே தெரியாத மாதிரி நடந்துகொண்டேன். பம்பைக் காரணம் காட்டினேன், கறாரைக் காரணம் காட்டினேன்.

உங்கள் கடிதத்தை எறும்பிடம் கொடுத்தேன். நின்றபடியே வாசித்தாள். “நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும் மேடம். பயந்துட்டேன்,” என்றாள். “என்னைப் பார்த்தா?” என்றேன். “பட்டத்தை நினைச்சு,” என்றாள். உட்கார்ந்து அந்த ஆறையும் நீக்கிவிட்டுக் கூட்டினோம். பாதிக்கும் கொஞ்சம் கீழே வருகிறது. கட்டுரை போய்விட்டது. முதல் பெயர் அவளுடையது.

நீங்கள் போன் வேண்டாம் என்றீர்கள். கடிதம் வேண்டாம் என்று சொல்லவில்லை என்பதால் இதை எழுதினேன்.

சின்னவள்


டிசம்பர் 14

அன்புள்ள வாலுக்கு,

இரண்டு மாதமாக எழுதவில்லை. பேனாவை எடுப்பேன், மூடிவைத்துவிடுவேன். இங்கே எல்லோரும் சுகம். அவருடைய வலது கைவிரல் இரண்டு மடங்குகிறது. நீயும் எறும்பும் நலம்தானே? அவளுக்குப் பட்டம் உறுதியாகிவிட்டது என்று மகள் இணையத்தில் பார்த்துச் சொன்னாள். சந்தோஷம். அவளிடம் சொல், நான் கேட்டேன் என்று.

கட்டுரை வந்தது. பெரிய எழுத்தில் எடுத்து மொத்தமும் வாசித்துக் காட்டினேன். நாலு மதியம் பிடித்தது. எனக்குப் புரியாத சொல்லையெல்லாம் எழுத்துக்கூட்டிச் சொன்னேன். ‘முந்தைய அளவீடு மிகையானது’ என்ற வரி வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

“மிகையானதுன்னா போட்டிருக்கா? தவறானதுன்னு போடலையா?”

“மிகையானதுன்னுதான் இருக்கு.”

“இன்னும் இரக்கம் போகலை அவளுக்கு,” என்றார். மேலே படிக்கச் சொன்னார்.

முடித்த மறுநாள் ஆய்வு நிலைய இயக்குநருக்குப் போன் போடச் சொன்னார். சுவரில் இருக்கும் எண்ணை எடுக்க வேண்டும் என்றார். அந்த மனிதர் பதறிப்போய், “சார், அது ஒரு மரியாதைக்கு. இருந்துட்டுப் போகட்டுமே,” என்றார். “பசங்க தினம் அந்த வழியாப் போறாங்க. பார்த்து மனப்பாடம் பண்ணிடுவாங்க,” என்றார் இவர். எடுக்கும் நாளில் கூட இருந்து பார்க்க வேண்டும் என்று அடம். தள்ளுநாற்காலியில் கூட்டிக்கொண்டு போனேன். தச்சர் ஒருவர் ஏணி போட்டு ஒவ்வோர் இலக்கமாகக் கழற்றினார். பித்தளை கீழே விழும்போதெல்லாம் எனக்குத் திக்கென்றது. அவர் கண் தெரியாவிட்டாலும் தலையைத் தூக்கி அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். சுவரில் துளைகள் நிற்கின்றன. சுண்ணாம்பு பூசுவார்களாம்.

வரும் வழியில், “கார்பன் அதிகமா மிஞ்சுதுன்னா அதுக்கு மேல எரியறதெல்லாம் மாறுமே. நியான், சிலிக்கான், இரும்பு வரைக்கும் மறுபடி போடணுமே. அவ போடறாளா?” என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும் என்றேன். “கேட்டு எழுது,” என்றார். அதனால்தான் இந்தக் கடிதம். கேட்டுவிட்டேன்.

இனி நான் சொல்வது அவருக்குத் தெரியாது. உறை ஒன்றுதான், பயப்படாதே. அவர் தூங்குகிறார்.

அவர் உன்மேல் வைத்திருந்த கோபம் தீர்ந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். அவருக்குத் தெரிந்த வழியில் தீர்த்துக்கொண்டார், பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு. எனக்குத்தான் தீரவில்லை. நீ பொய் கலந்ததற்காக இல்லை, அதைக் கேட்டு வாங்கியவளே நான்தான். உண்மை சொன்னதற்காகவும் இல்லை. எதற்கு என்று எனக்கே தெரியாமல் உன்மேல் கோபமாக இருக்கிறேன். துணி மடிக்கும்போது வருகிறது, மகளோடு பேசும்போது வருகிறது. அந்த எண்ணைச் சுவரிலிருந்து கழற்றியபோது நான் அழுதேன், அவர் அழவில்லை. ‘உனக்கு ஏன் அழுகை?’ என்று கேட்டார். நாற்காலியைத் தள்ளத் தொடங்கினேன்.

நீ ஜனவரியில் வா. மாடியறையைப் பெருக்கி வைத்திருக்கிறேன். நான் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தாலும் இருப்பேன். கண்டுகொள்ளாதே. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் இறங்கி வா.

உன் அக்கா